நேராகத் தெரிந்த ஸ்டியரிங்

ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் போகிறது, கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தால் நேராகப் போகிறது. அவ்வளவுதான் சொல்ல வேண்டும், அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது என்று குணசீலன் வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். மருந்து மொத்த வியாபாரத்தில் இருபது வருஷம், ஊரில் உள்ள டாக்டர்களையெல்லாம் பேசியே சரிக்கட்டிய வாய் அது. ஒண்டிப்புதூரில் ஒரு அலைன்மென்ட் பட்டறைக்காரரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் உலர்ந்து கிடந்தது. பக்கத்து சீட்டில் வசுமதி உட்கார்ந்திருந்தாள். வலது கையில் மாவுக்கட்டு, மடியில் ஆஸ்பத்திரி ஃபைல். பன்னிரண்டு மணிக்குக் கட்டைப் பிரிக்கச் சொல்லியிருந்தார்கள். "இன்னிக்காவது வண்டியைக் காட்டுங்க. நீங்க கோணலாப் புடிச்சு ஓட்டறதைப் பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து வலிக்குது" என்று காலையில் அவள்தான் சொன்னாள். ஐந்து வாரம் ஆகிவிட்டது. ஐந்து வாரமாக இந்தக் கோணல் ஸ்டியரிங்கோடுதான் குடோனுக்கும் வீட்டுக்கும் போய்வருகிறான், கைக்குக்கூடப் பழகிவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டதற்கு வேலை நெருக்கடி காரணமில்லை. மெக்கானிக் என்றால் கேள்வி கேட்பார். எங்கே இடித்தது, எப்படி இடித்தது என்பார். அதற்குத்தான் பயந்தான். நாற்பத்தெட்டு வயசு ஆம்பிளை, பல் பிடுங்கப் பயப்படும் பிள்ளை மாதிரி.

பட்டறைக்காரர் மயில்சாமிக்கு அறுபது வயசு இருக்கும். அவசரமே இல்லாத மனிதர். நாலு டயரிலும் காற்றைப் பார்த்தார், சரியாக இருந்தது. கதவைத் திறந்து ஏறி, ரோட்டில் ஒரு கிலோமீட்டர் ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, இறங்கி, முன்டயர் இரண்டையும் உள்ளங்கையால் தடவினார். "ஒரு பக்கமாவே தின்னிருக்குதுங்க. எத்தனை நாளாச்சு?" என்றார். கொஞ்ச நாள்தான் என்று குணசீலன் முனகினான். "கொஞ்ச நாள் இல்லீங்க, ஒரு மாசத்துக்கு மேல ஓடியிருக்குது" என்று டயரையே பார்த்துச் சொல்லிவிட்டு, "எங்காச்சும் இடிச்சீங்ளா?" என்றார். வந்துவிட்டது கேள்வி. "ஆஃப் ரோடு போனோம். கல்லுமுள்ளுல விட்டா வண்டி கொஞ்சம் அடி வாங்கத்தானே செய்யும்" என்றான், பொதுப்படையாக, வண்டி தானே போய் எங்கோ அடி வாங்கிக்கொண்டு வந்த மாதிரி. வசுமதி நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அங்கே கிடந்த பழைய பேப்பரை இடது கையால் புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. வண்டி பட்டறைக் குழிமேல் ஏறியது, மயில்சாமி கீழே இறங்கினார், ஒரு லைட் மட்டும் இங்கும் அங்கும் நகர்ந்தது. டாக்டர் திரைக்குப் பின்னால் வயிற்றை அமுக்கிப் பார்க்கும்போது வெளியே உட்கார்ந்திருப்பவனுக்கு இருக்கும் அந்த உதறல் குணசீலனுக்கு இருந்தது. அவர் கண்டுபிடிக்கக் கூடாது. ஏதோ நட்டு லூஸ், ஏதோ ரப்பர் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட வேண்டும், தெய்வமே. கண்டுபிடித்தால்தான் என்ன, ஒரு கம்பிக்கு வாயா இருக்கிறது என்றும் தோன்றியது. ஆனால் அந்த ஓடையை நினைக்காமல் இருக்க முடியவில்லை, நினைக்க ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்றும் தெரியும்.

ஓடை என்றால் தண்ணீர் இல்லாத ஓடை. ஆழியாறு போகும் வழியில் யாரோ ஒருவருடைய தென்னந்தோப்புக்குள், போன மழையில் அறுத்துக்கொண்டு போன பள்ளம். சக்கரம் பதிந்து பதிந்து இரண்டு ஆழமான தடம். பதினோரு வண்டிகள், கேப்டன் என்று எல்லோரும் கூப்பிடுகிற பெரிய மீசைக்காரர் ஒருவர், பிரியாணி அண்டா, ஒரே கூச்சல். காடு மேட்டில் வண்டி ஓட்டிப் பழகுகிற அந்தக் கூட்டத்துக்கு இவன் புதுசு. பழைய வண்டி ஒன்றை வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, ஆனால் சட்டை, தொப்பி, கையுறை எல்லாம் புதுசாக வாங்கிவிட்டான். கஷ்டமான இடத்தைக் கடக்கும்போது ஒருவர் இறங்கி வண்டிக்கு முன்னால் நின்று கை காட்ட வேண்டும், ஓட்டுகிறவர் அந்தக் கையை மட்டும்தான் பார்க்க வேண்டும், தன் புத்தியை உபயோகிக்கக் கூடாது, இது அந்தக் கூட்டத்தின் முதல் சட்டம். அரைநாள் வகுப்பெடுத்தார்கள். இவன் போன் பார்த்துக்கொண்டிருந்தான். வசுமதிதான் நோட்டில் படம் போட்டு எழுதிக்கொண்டாள். எதிரில் நிற்பதால் ஓட்டுகிறவருடைய வலது பக்கம் தனக்கு இடது பக்கம், அதனால் அவர் வலப்பக்கம் ஒடிக்க வேண்டுமென்றால் தான் இடது கையைத் தூக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது தலையைச் சுற்றியது, அவளுக்குச் சுற்றவில்லை. பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். எதிரே நிற்கும் நோயாளியின் வலது தனக்கு இடது என்று எத்தனை ஆயிரம் நெஞ்சுக்கு, எத்தனை ஆயிரம் முழங்காலுக்குப் பார்த்து, இடது வலது குறிக்கும் அந்தச் சின்ன ஈய எழுத்தை வைத்திருப்பாள். வசுமதி எடுத்த படத்தில் எழுத்து மாறாது என்று அங்கே பெரிய டாக்டர்களே சொல்வார்கள். அப்படிப்பட்டவளைத்தான் அன்றைக்கு, அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான்.

தடத்துக்குள் வண்டி சிக்கிக்கொண்டு அசையவில்லை. இவன் இப்படியும் அப்படியும் சுற்றிச் சுற்றி முறுக்கிப் பார்த்தான். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், யாரோ "அண்ணா, மருந்து குடுத்துப் பாருங்க" என்றார்கள், எல்லோரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு இவன் காதுமடலைச் சுட்டது. முன்னால் வசுமதி நின்று இடது கையைத் தூக்கி வட்டமாகச் சுற்றிக் காட்டினாள். வலப்பக்கம் திருப்புங்கள், திருப்பிக்கொண்டே இருங்கள். இவன் குனிந்து ஸ்டியரிங்கைப் பார்த்தான். நேராக இருந்தது. நடுவில் உள்ள கம்பெனி முத்திரை தலை நிமிர்ந்து அழகாக நேராக இருந்தது. நேராக இருக்கிறதை எதற்குத் திருப்பச் சொல்கிறாள், இவளுக்கு என்ன தெரியும் என்று தோன்றியது. ஆமாம், தோன்றியது, அந்த வார்த்தையிலேயே தோன்றியது, இவளுக்கு என்ன தெரியும். ஒரு பக்கமாக இரண்டு முழுச் சுற்று சுற்றி முடித்தாலும் ஸ்டியரிங் பார்ப்பதற்கு நேராகத்தான் தெரியும். சக்கரம் அங்கே முழுக்க இடப்பக்கம் ஒடிந்து நிற்கும். எத்தனை சுற்று சுற்றினோம் என்று எண்ணாதவனுக்கு அது தெரியாது, வெளியே நின்று சக்கரத்தைப் பார்க்கிறவளுக்குத் தெரியும். அதற்குத்தான் ஆளை நிறுத்துகிறார்கள். அவள் இரண்டு கையையும் குறுக்கே வைத்து நிறுத்து என்று காட்டியதையும் இவன் பார்த்தான். பார்த்துக்கொண்டேதான் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். வண்டி தடத்தைவிட்டு ஒரே துள்ளாக இடப்பக்கம் பாய்ந்தது, கல்லில் மோதியது, அவள் பின்னால் தாவி விழுந்தாள். டயருக்கும் அவள் காலுக்கும் நடுவே அரை முழம். அரை முழம் இருந்தது. இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு நின்றுவிடுகிறது, அரை முழத்துக்கு அப்பால் போக மாட்டேன் என்கிறது. அந்த அரை முழமும் இல்லாமல் போயிருந்தால் என்று ஆரம்பித்துப் பாதியில் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிறான், குடோனில் எத்தனையோ தடவை அப்படி எழுந்திருக்கிறான், ஆட்கள் என்னவென்று பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் நினைத்து நினைத்து அவன் கூனிக் குறுகுவது அதற்காகக்கூட இல்லை. அடுத்த நிமிஷத்துக்காக. எல்லோரும் ஓடி வருகிறார்கள், அவள் மண்ணில் உட்கார்ந்து வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், இவன் கதவைத் திறந்து குதிக்கிறான். குதித்தவன் வாயில் முதலில் வந்தது வசு என்ற பெயராக இருந்திருக்கலாம். வலிக்குதா என்று இருந்திருக்கலாம். "இவ இடது கையைக் காட்டினா!" என்று வந்தது. அவள் இடது கையைத்தான் தூக்கினாள், பொய் இல்லை, அதற்கு அர்த்தம் வலது என்று தெரிந்துகொண்டே சொன்னதுதான் பொய். கேப்டன் மீசையை நீவிக்கொண்டு, "அண்ணிக்கு எதிர்ல நிக்கறோம்கறது மறந்துபோச்சு, விடுங்க, லேடீஸுக்கு இது சகஜம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு இவனைச் சுடவில்லை, வேறு பக்கம் போய்விட்டது, அதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பெல்லாம் அருவருக்கிறது. அவள் இவன் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். அதோடு விட்டானா? பேசிப் பிழைக்கிற வாய் சும்மா இருக்குமா? அவளுடைய ஆஸ்பத்திரியிலேயே, அவளுடைய எக்ஸ்ரே அறையிலேயே, அவளுக்குக் கீழே வேலை பழகுகிற மோனிஷா கையைத் திருப்பிப் படம் எடுத்துக்கொண்டு "எப்படி சார் ஆச்சு?" என்று கேட்டபோது, "உங்கக்காவுக்கு இடது வலது தெரியல, அதான்" என்று சொல்லிச் சிரித்தான். மோனிஷாவும் சிரித்தாள். வசுமதி தன் கை எலும்பு திரையில் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் அவள் வேலைக்குப் போனாள், ஒற்றைக் கையால் ரிஜிஸ்டர் எழுத, எழுத்து வைக்க. ஒருநாள் சாயங்காலம் தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னாள்: "எலும்பு டாக்டர் ஒரு முழங்கால் படத்தைத் திருப்பி அனுப்பினாரு. எழுத்து சரிதானே வசுமதி, வீட்டுக்காரர் என்னமோ சொன்னாராமேன்னு. நோயாளி முன்னாலயே." அப்புறம்? "மறுபடியும் எடுத்துட்டேன்." முதல் படம் தப்பா என்று இவன் கேட்டான். "இல்ல. சரிதான்" என்றாள். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப இவன் சட்டை மாற்ற உள்ளே போனபோது அவள் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். இடது கையைத் தூக்கினாள், இறக்கினாள், கட்டுப்போட்ட கையைக் கொஞ்சம் தூக்கினாள், மறுபடியும் இடது கையைத் தூக்கினாள். இவன் வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டான். பத்தொன்பது வருஷத்தை ஒரே வாக்கியத்தில் ஆட்டம் காண வைத்துவிட்டான். சட்டை மாற்றாமலேயே அன்றைக்குக் கல்யாணத்துக்குப் போனான்.

"சார், இங்க வாங்க" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. குணசீலன் போய்க் குனிந்தான். மயில்சாமி ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் நீளமான ராடு ஒன்றின்மேல் லைட்டைப் பிடித்தார். அது லேசாக வளைந்திருந்தது, பார்த்தால் தெரியாத அளவுக்கு, பார்க்கச் சொன்னால் மட்டும் தெரிகிற அளவுக்கு. "இது வளைஞ்சு நீளம் குறைஞ்சுபோச்சுங்க, அதான் ஸ்டியரிங் நடுவுல நிக்கறதில்ல. ரெண்டு வழி இருக்குதுங்க. ஸ்டியரிங்கை மட்டும் கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டா, பாக்கறதுக்கு நேரா வந்துரும். பத்து நிமிஷ வேலை. ஆனா உள்ள கோணல் கோணலாவேதான் இருக்கும், ஒரு பக்கம் அதிகமா ஒடியும், ஒரு பக்கம் கம்மியா ஒடியும். நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன், ஆனா அவசரம்னு நிறையப் பேரு கேக்கறாங்க. இல்லீன்னா ராடை மாத்தோணும். அடுத்த தெருவுலயே கிடைக்கும், ஒன்னரை மணி நேரம் ஆகும்." பத்து நிமிஷம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது என்ற காரணம்கூடத் தயாராக இருந்தது, கெட்டிக்காரனுக்குக் காரணத்துக்கா பஞ்சம். ராடை மாற்றுங்கள் என்று சொன்னது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. மயில்சாமி தலையாட்டிவிட்டு லைட்டை இன்னொரு இடத்துக்கு நகர்த்தினார். "இங்க பாருங்க. சக்கரம் முழுசா ஒடிஞ்சா வந்து முட்டற இடம். இடப்பக்கம் ஒடிச்சா முட்டற போல்ட்டுல மட்டும் புதுசா அடி விழுந்திருக்குது. சக்கரம் நேரா இருந்திருந்தா கல்லு டயர்லதான் பட்டிருக்கும், இந்த ராடு வெளியவே தெரியாது. முழுசா இடப்பக்கம் ஒடிச்சு வெச்சுட்டு மிதிச்சிருக்கறீங்க." அவர் குற்றமாகச் சொல்லவில்லை, மழை பெய்திருக்கிறது என்பது மாதிரி சொன்னார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாக, "முன்னால நின்னு யாராச்சும் கை காட்டியிருப்பாங்களே. அவங்க சரியாக் காட்டலீங்ளா?" என்றார்.

பேப்பர் புரளும் சத்தம் நின்றது. குணசீலன் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமலேயே அது தெரிந்தது. ஓடையில் ஒருதரம், எக்ஸ்ரே அறையில் ஒருதரம், சொந்தக்காரர்களிடம் எத்தனை தரமோ, இதுவும் ஒருதரம். ஆமாங்க, சரியாக் காட்டல என்று சொன்னால் போதும். முன்பின் தெரியாத மனுஷர், இனி பார்க்கப் போவதுகூட இல்லை, இவரிடம் நல்ல பேர் வாங்கி என்ன ஆகப்போகிறது, கெட்ட பேர் வாங்கினால்தான் என்ன. இவ்வளவு சுலபமான இடத்திலேயே வாய் வரவில்லை என்றால் வேறு எங்கே வரும்? மருந்து நெடி, கிரீஸ் நெடி, இல்லை, இங்கே கிரீஸ் மட்டும்தான், மருந்து நெடி எக்ஸ்ரே அறையில். கண்ணாடி முன்னால் இடது கை தூக்கினாள், இறக்கினாள். குணசீலன், "சரியாத்தான் காட்டினாங்க. நான்தான் பாக்கல" என்றான். உடனே, அதுவும் பூசி மெழுகுவது என்று பட்டது. "இல்லீங்க. பாத்தேன். பாத்துட்டுத்தான் மிதிச்சேன். ஸ்டியரிங் நேராத் தெரிஞ்சுது, ரெண்டு சுத்து சுத்தி வெச்சிருந்தது எனக்கே தெரியல. அவங்க திருப்பச் சொன்னாங்க, நிறுத்தச் சொன்னாங்க. எனக்குத் தெரியும்னு மிதிச்சேன். அப்புறம் அவங்கதான் தப்பாக் காட்டினாங்கன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டேன்." மயில்சாமி, "ரெண்டு சுத்து மறந்துபோறது புதுசா ஓட்டறவங்க எல்லாருமே பண்றதுதானுங்க" என்று ஆறுதலாக ஆரம்பித்தவர், நாற்காலியில் இருந்த மாவுக்கட்டைப் பார்த்தார். ராடு வாங்கிவரக் குழியைவிட்டு ஏறிப் போய்விட்டார்.

திரும்பி அவளைப் பார்க்கத் தைரியம் வர எவ்வளவு நேரம் ஆனதோ. பார்த்தபோது அவள் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வசு" என்றான். "ம்" என்றாள். மன்னிச்சுக்கோ என்ற சொல்லை இவன் ரொம்ப மலிவாக்கி வைத்திருந்தான், சரக்கு தாமதமானால் கடைக்காரர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்து தரம் சொல்வது. அதற்குப் பதில் போனை எடுத்தான். கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவளுக்கு லெஃப்ட் அண்ணி என்று பேர் வைத்திருந்தார்கள், அதற்கு இவனே ஒருநாள் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறான். வாயருகே வைத்து, அவள் கேட்கும்படியே பேசினான். நடந்தது இதுதான், வசுமதி சரியாகக் காட்டினாள், நான் பொய் சொன்னேன், பட்டறையில் ராடைப் பார்த்தாலே தெரிகிறது, இனி அந்தப் பேரை யாரும் சொல்லாதீர்கள். விரலை எடுத்ததும் அது குழுவுக்குப் போய்விட்டது. கரித்துக் கொட்டுவார்கள், கொட்டட்டும், கூட்டத்தைவிட்டே வெளியே போகச் சொன்னாலும் சரி என்று ஒரு மாதிரி துணிவுகூட வந்தது. போன் டிங் டிங் என்றது. கைதட்டுகிற பொம்மை. இன்னொரு கைதட்டல். பூங்கொத்து. அண்ணியைக் காப்பாத்தறீங்களே அண்ணா, சூப்பர் என்று ஒருவர். புருஷன்னா இப்படி இருக்கணும் என்று ஒருவர். கேப்டன் மட்டும் நீளமாக எழுதியிருந்தார்: மனைவிக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிற பெருந்தன்மை எல்லோருக்கும் வராது. நிஜத்தைச் சொன்னாலும் இவனுக்குத்தான் லாபம். அவள் கையை நீட்டினாள், போனை வாங்கினாள், மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள், திருப்பிக் கொடுத்தாள். "இப்ப நீங்க நல்லவராவும் ஆயிட்டீங்க" என்றாள்.

பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. மயில்சாமி வளைந்த பழைய ராடைப் பழக்கப்படி பேப்பரில் சுற்றிக் கொடுத்தார், மாற்றிவிட்டேன் என்பதற்கு அடையாளமாக. குணசீலன் அதை டிக்கியில் போடாமல் இரண்டு சீட்டுக்கும் நடுவில் வைத்தான். "அது எதுக்குங்க இங்க?" என்றாள் வசுமதி. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் மோனிஷாகிட்ட காட்டப் போவதாகச் சொன்னான், அந்த எலும்பு டாக்டர்கிட்டயும். அத்தாட்சி இருந்தால் நம்புவார்கள் இல்லையா. அவள் ராடை ஒருதரம் பார்த்தாள். "வாயால சொன்னதுதானே. வாயாலயே சொல்லுங்க." குணசீலன் இறங்கி அதைப் பின்னால் போட்டுவிட்டு வந்தான். வண்டியை எடுத்து ரோட்டில் இறக்கினான். ஐந்து வாரப் பழக்கத்தில் கைகள் தாமாகவே ஸ்டியரிங்கை இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தன. சரியாகிவிட்ட வண்டி சொன்ன சொல் கேட்டு இடப்பக்கமே போனது, மண் ரோட்டோரம் டயருக்குக் கீழே கரகரத்தது. வசுமதி மாவுக்கட்டோடு வலது கையைத் தூக்கி வலப்பக்கம் காட்டினாள். எதிரில் நிற்கவில்லை, பக்கத்தில்தான் இருந்தாள், அவள் வலதும் இவன் வலதும் ஒன்றாக இருந்தன. குணசீலன் ஸ்டியரிங்கைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துத் திருப்பினான், அவள் போதும் என்று இறக்கும்வரை திருப்பினான், வண்டி ரோட்டுக்கு வந்து நேராக ஓடியது. ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தபோது அவள் ஃபைலைச் சரிசெய்துகொண்டாள்.

"மோனிஷாவும் சிரிப்பா, அக்காவுக்காகச் சொல்றீங்கன்னு" என்றாள். "சிரிச்சு முடிக்கற வரைக்கும் நில்லுங்க. அப்புறம் மறுபடியும் சொல்லுங்க."